க்ரீடன்ஸ் வீட்டுப் பாகப்பிரிவினை: 'மார்டி க்ரா' ஆல்பம்

க்ரீடன்ஸ் க்ளியர்வாட்டர் ரிவைவல் என்ற அமெரிக்க ராக் குழுவின் கடைசி ஸ்டுடியோ ஆல்பம் 'மார்டி க்ரா'. 1972 ஏப்ரலில் வெளிவந்தது. மொத்தம் பத்துப் பாட்டு. எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்கூட ஓடாது. இந்தக் குழுவை உயிராக நினைப்பவர்கள்கூட இந்த ஆல்பத்தின் பேச்சு வந்தால் நழுவிவிடுவார்கள். வெளிவந்த சமயத்தில் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையில் ஜான் லேண்டாவ் எழுதிய விமர்சனம் இன்றுவரை இதை விட்டுப் போகவில்லை. ஒரு குழு அதுவரை எட்டியிருந்த தரத்தை வைத்துப் பார்த்தால், பெரிய ராக் குழு ஒன்றிடமிருந்து தான் கேட்டதிலேயே மோசமான ஆல்பம் இதுதான் என்று எழுதினார். பின்னால் வந்தவர்கள் முதல் பாதியை விட்டுவிட்டு 'மோசமான ஆல்பம்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அந்த முதல் பாதிதான் முக்கியம். அந்தத் தரம் எது என்று தெரியாதவருக்கு இந்த ஆல்பம் சுமாரான நாட்டுப்புற ராக், அவ்வளவுதான். தெரிந்தவருக்குத்தான் வயிறு எரியும்.

1969 என்ற ஒரே வருஷத்தில் இவர்கள் மூன்று ஆல்பம் போட்டார்கள்: 'பேயூ கன்ட்ரி', 'க்ரீன் ரிவர்', 'வில்லி அண்ட் த புவர் பாய்ஸ்'. 'ப்ரௌட் மேரி', 'பேட் மூன் ரைஸிங்', 'ஃபார்ச்சுனேட் சன்' எல்லாம் அந்த ஒரு வருஷத்துப் பாட்டுகள். நடுவில் ஆகஸ்டில் உட்ஸ்டாக் இசைவிழா மேடையும் ஏறினார்கள். அடுத்த வருஷம் 'காஸ்மோஸ் ஃபேக்டரி' வந்து அமெரிக்க ஆல்பம் வரிசையில் ஒன்பது வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தது. சிங்கிள் என்கிற தனிப்பாட்டு இசைத்தட்டு வரிசையில் ஐந்து தட்டுகள் இரண்டாம் இடம் வரை போயும் ஒன்றுகூட முதலிடம் தொடவில்லை என்பது வேறு கதை. மூன்று நிமிஷத்துக்குள் ஒரு பாட்டு, அதில் வீணாகப் போகிற ஒரு அடி கிடையாது. இதுதான் லேண்டாவ் சொன்ன தரம்.

இந்தத் தரம் எப்படி வந்தது என்று பார்த்தால்தான் பிறகு நடந்தது புரியும். கலிஃபோர்னியாவில் எல் செரிட்டோ என்ற ஊரில் ஜான் ஃபோகர்ட்டி, பிற்பாடு குழுவின் பேஸ் கிடார்காரரான ஸ்டூ குக், டிரம்ஸ் வாசித்த டக் கிளிஃபோர்ட் மூவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். 1959-லேயே சேர்ந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஜானின் அண்ணன் டாம் பிறகு வந்து சேர்ந்துகொண்டார். ஆரம்பத்தில் முன்னால் நின்று பாடியவர் டாம்தான். ஆனால் தம்பியின் தொண்டையில் இருந்த அந்தக் கரகரப்பு வெளிப்பட்ட பிறகு அண்ணன் ஒதுங்கி ரிதம் கிடாருக்குப் போனார். பெருந்தன்மையான முடிவு. அதற்கு அவருக்குக் கிடைத்த மரியாதை குறைவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதன் பிறகு எல்லாமே ஜான். பாட்டு எழுதுவது அவர், பாடுவது அவர், லீட் கிடார் அவர், இசையைக் கோர்ப்பது அவர், ஒலிப்பதிவை முடிவு செய்வது அவர், குழுவின் மேலாளர் வேலையும் அவரே. 'பேயூ கன்ட்ரி' பதிவின்போது மற்றவர்கள் பின்குரல் பாடியது அவருக்குத் திருப்தியாக இல்லை. அந்தக் குரல்களையும் தானே பாடிப் பதிவு செய்துவிட்டார். 'ப்ரௌட் மேரி'யில் படகு உருண்டு உருண்டு போகிற அந்தப் பின்குரல் எல்லாம் அவர்தான். அதற்காக அங்கேயே பெரிய சண்டை நடந்தது. கச்சேரி முடிந்து ரசிகர்கள் எவ்வளவு கத்தினாலும் மறுபடி மேடைக்கு வந்து இன்னொரு பாட்டு வாசிக்கக் கூடாது என்ற விதியும் அவர் வைத்ததே. அதுவும் மற்ற மூவருக்குப் பிடிக்கவில்லை.

1970 கடைசியில் வந்த 'பெண்டுலம்' ஆல்பத்தில் 'ஹேவ் யூ எவர் ஸீன் த ரெய்ன்' என்ற பாட்டு இருக்கிறது. வெயில் அடிக்கும்போது பெய்கிற மழையைப் பற்றியது. காதல் பாட்டு என்றும் போர்ப் பாட்டு என்றும் ஆளாளுக்குப் பொருள் சொன்னார்கள். புகழின் உச்சியில் இருக்கும்போது குழு உள்ளுக்குள் உடைந்துகொண்டிருந்ததைத்தான் எழுதினேன் என்று ஜானே சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டு சிங்கிளாக வந்த கையோடு, 1971 ஆரம்பத்தில், அண்ணன் டாம் குழுவை விட்டுப் போய்விட்டார்.

மீதி மூன்று பேர். இங்கேதான் 'மார்டி க்ரா' தொடங்குகிறது.

இனி பாட்டு எழுதுவதும் பாடுவதும் மூவருக்கும் சமம் என்று ஆனது. யார் இதைக் கேட்டார்கள் என்பதில் இன்றும் இரண்டு கட்சி இருக்கிறது. ஸ்டூவும் டக்கும் பங்கு கேட்டு நெருக்கினார்கள், வேறு வழியில்லாமல் கொடுத்தேன் என்பது ஜானின் தரப்பு. ஸ்டூவும் டக்குமோ, எங்களுக்குக் கொஞ்சம் பேச்சுரிமை இருந்தால் போதும் என்றுதான் கேட்டோம் என்கிறார்கள். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு எழுதிப் பாடியே தீரவேண்டும், உங்கள் பாட்டுக்கு நான் ரிதம் கிடார் மட்டும்தான் வாசிப்பேன், பாட மாட்டேன் என்று ஜான்தான் நிபந்தனை போட்டார் என்பது மற்ற இருவர் தரப்பு. நான் நீதிபதி இல்லை. ஆனால் ஆல்பம் கையில் இருக்கிறது, காதும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு கேட்டால், ஸ்டூவும் டக்கும் சொல்வதற்குச் சாட்சி பாட்டுக்குள்ளேயே கிடைக்கிறது. அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தை இல்லாமல் வீட்டை அளந்து நடுக்கூடத்தில் சுவர் எழுப்பிக்கொண்ட மாதிரிதான் இந்த ஆல்பம். ஆளுக்கு ஒரு அறை கிடைத்துவிட்டது. கூடம் போய்விட்டது.

ஸ்டூ குக்கின் 'டேக் இட் லைக் எ ஃப்ரெண்ட்' இரண்டாவது பாட்டாக வருகிறது. தலைப்பைப் படித்ததுமே அந்த நண்பன் யார் என்று ஊகிக்காமல் இருக்க முடியாது. ஸ்டூவின் குரல் பாட்டுக்குப் போதவில்லை. ஜான் இயல்பாகக் கத்துகிற உயரத்தை இவர் தொண்டையை இறுக்கிப் பிடிக்கப் பார்க்கிறார். வரிகள் தாளத்துக்கு முன்னே முட்டிக்கொண்டு ஓடுகின்றன. வீடு வீடாகப் போய் விற்கிற ஆளைப் பற்றிய 'டோர் டு டோர்' இன்னும் மோசம். ஒரே மாதிரி ஓடி ஒரே மாதிரி நிற்கிறது. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் காதைப் பிடித்து இழுக்கிற ஒரு சின்ன ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வருகிற ஒரு கிடார் துணுக்கு, இருந்திருந்தால்கூடத் தப்பித்திருக்கும். அப்படி ஒரு ரிஃப் போடுவதில் அன்றைய அமெரிக்காவிலேயே கைதேர்ந்த ஆள் பக்கத்தில்தான் கிடாரோடு உட்கார்ந்திருக்கிறார்.

எனக்கு நெஞ்சு வலிக்கிற இடம் இதுதான். ஸ்டூவும் டக்கும் எழுதிய ஆறு பாட்டிலும் ஜானின் கிடாரை மட்டும் தனியாகக் கவனித்துப் பாருங்கள். தப்பாக ஒன்றும் வாசிக்கவில்லை. கார்டுகள் சரி, தாளம் சரி, அங்கங்கே லீட் எட்டிப் பார்க்கிறது. ஆனால் 'க்ரீன் ரிவர்' முதல் விநாடியில் காட்டுகிற அந்தப் பிடி, 'அப் அரௌண்ட் த பெண்ட்' தொடக்கத்தில் மணி அடிக்கிற அந்தப் பிடி எங்கேயும் கிடையாது. கூலிக்கு வந்த ஆள் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போவதுபோல் இருக்கிறது. பின்குரலிலும் அவர் குரல் எனக்குக் கேட்கவில்லை. நண்பன் எழுதிய பலவீனமான பாட்டுக்கு அவர் ஒரு அறிமுக இசை, ஒரு ஹார்மனி கொடுத்திருந்தால் போதும். பாதிப் பாட்டு நிமிர்ந்திருக்கும். கொடுக்கவில்லை.

டக் கிளிஃபோர்டின் பாட்டுகள் கொஞ்சம் பரவாயில்லை. அவர் தன் குரலின் எல்லை தெரிந்து பாடுகிறார். ஊர் ஊராகப் போய் வாசிக்கிற குழுக்காரனைப் பற்றிய 'டேரின் அப் த கன்ட்ரி' ஜாலியாக ஓடுகிறது. ஒரு காரில் போய்க்கொண்டே கேட்கலாம். ஸ்டூவோடு சேர்ந்து எழுதி டக் பாடுகிற 'நீட் சம்ஒன் டு ஹோல்ட்' மெதுவான பாட்டு, அதில் நிஜமான ஏக்கம் இருக்கிறது. 'வாட் ஆர் யூ கோனா டூ' கேட்டு முடித்ததும் மறந்துவிடும்.

நான் கோயில் திருவிழா, கல்யாண மேடைகளில் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசிக்கிறவன். அதனால் இந்த ஆல்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஸ்டூவையும் டக்கையும் திறமை இல்லாதவர்கள் என்று ஒரே வரியில் ஒதுக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் பாட்டு எழுதுவதில் கெட்டிக்காரர்கள் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'பார்ன் ஆன் த பேயூ'வில் அந்தத் தாளம் சேற்றில் கால் புதைந்து புதைந்து எழுவதுபோல் நகர்கிறதே, அது யார்? 'ஐ ஹெர்ட் இட் த்ரூ த க்ரேப்வைன்' பதினோரு நிமிஷம் ஓடும்போது ஜான் மேலே சுற்றித் திரிய, கீழே ஒரு அடி பிசகாமல் பிடித்துக்கொண்டிருப்பது யார்? டக் ஒருபோதும் தேவையில்லாமல் ரோல் போட மாட்டார். ஸ்டூ ஒருபோதும் தேவையில்லாமல் நரம்பைத் தொட மாட்டார். மேடையில் வாசிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்: நிறைய வாசிப்பது சுலபம், ஒரே வாசிப்பை அலுக்காமல் ஐந்து நிமிஷம் வைத்திருப்பது கஷ்டம். 'காஸ்மோஸ் ஃபேக்டரி' என்ற பெயரே டக்கின் பட்டப்பெயரிலிருந்து வந்தது. காஸ்மோ என்பது அவர்தான். ஜான் விடாமல் ஒத்திகை வாங்கிய இடத்தை ஃபேக்டரி என்றுதான் அழைத்தார்கள். அந்த ஃபேக்டரியில் வேலை பார்த்த கைகள் இவர்களுடையவை.

அதனால்தான் ஸ்டூவின் 'ஸெய்ல் அவே' எனக்கு இந்த ஆல்பத்தில் முக்கியமான பாட்டு. நல்ல பாட்டு இல்லை. குரல் இதிலும் தடுமாறுகிறது. ஆனால் கடலில் கப்பல் தலைவன் ஒருவன் மாலுமிகளைப் பார்த்து ஆணைமேல் ஆணையாகக் கத்திக்கொண்டிருக்கிறான், அதை நெடுநாள் கேட்டுக்கொண்டிருந்த ஒருவன் பாய் விரித்துத் தனியாகப் போய்விட நினைக்கிறான். பத்து வருஷத்துக்கு மேல் ஒருவருக்குப் பின்னால் இருந்து வாசித்தவர் எழுதியது என்று தெரிந்து கேட்டால், அந்தக் குரலின் தடுமாற்றமே பொருள் தருகிறது. பேஸ் கிடாரை மட்டும் கவனித்தால் அதில் தடுமாற்றமே இல்லை.

ஜான் பங்குக்கு வந்தவை மூன்று சொந்தப் பாட்டு, ஒரு பழைய பாட்டு. வரிசையைப் பாருங்கள்: முதல் பாட்டு அவருடையது, கடைசிப் பாட்டு அவருடையது, இசைத்தட்டின் முதல் பக்கம் முடிவதும் அவருடைய பாட்டில். சமபங்கு என்று சொன்னாலும் வாசற்கதவு அவர் கையில்தான் இருந்திருக்கிறது.

தொடக்கப் பாட்டு 'லுக்கிங் ஃபார் எ ரீஸன்'. தங்குவதற்கு ஒரு காரணம் தேடுகிறேன், இந்தக் கனவு எதனால் தொடங்கியது என்று இரவெல்லாம் என்னையே கேட்டுக்கொள்கிறேன் என்கிறார். துள்ளலான நாட்டுப்புற மெட்டு; வார்த்தைகளோ ராஜினாமா கடிதம். மனசே இல்லாமல் பாடுகிறார் என்று சிலர் குறை சொல்வார்கள். மனசில்லை என்பதைத்தானே பாடுகிறார்? எனக்கு இது பிடித்திருக்கிறது. 'ஹலோ மேரி லூ' ரிக்கி நெல்சன் 1961-இல் பாடிப் புகழ்பெற்ற பாட்டு. ஜான் அதை அப்படியே மரியாதையோடு பாடிவிட்டுப் போகிறார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இங்கே எதற்கு வந்தது என்று தெரியவில்லை. சொந்தப் பாட்டு எழுத மனம் வராமல் இடத்தை நிரப்பினார் என்றே நினைக்கிறேன். கடைசியில் வருகிற 'ஸ்வீட் ஹிட்ச்-ஹைக்கர்' 1971 கோடையிலேயே சிங்கிளாக வந்து ஆறாம் இடம் வரை போன பாட்டு. பழைய வேகம், பழைய கத்தல். மூவரும் ஒன்றாக ஓடுகிற சத்தம் கடைசியாகக் கேட்பது இதில்தான்.

'ஸம்டே நெவர் கம்ஸ்' பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சின்னப் பையன் அப்பாவிடம் ஏதோ ஏன் என்று கேட்கிறான். ஒருநாள் உனக்குப் புரியும் என்கிறார் அப்பா. பிறகு ஒருநாள் அப்பா வீட்டை விட்டுப் போகிறார். பையன் வளர்ந்து, அவனுக்கு ஒரு மகன் பிறந்து, அவனும் அதே மாதிரி கிளம்பிப் போகிறான், அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு. அந்த 'ஒருநாள்' வரவே வராது என்கிறது பல்லவி. ஜானின் அப்பா அம்மா அவர் சிறுவனாக இருந்தபோதே பிரிந்தவர்கள்; இதை எழுதிய காலத்தில் அவருடைய திருமணமும் ஆட்டம் கண்டிருந்தது. சரணம் தயங்கித் தயங்கி நடக்கும். பல்லவி வந்ததும் டக் தாளத்தைத் தூக்கிவிடுவார், சொல்ல வந்ததைச் சொல்லியே தீருவேன் என்பதுபோல ஜானின் குரல் ஏறும். அவர் எழுதிய மிகச் சிறந்த ஐந்தாறு பாட்டுகளில் இது ஒன்று என்று நான் யாரிடமும் வாதாடுவேன். மோசமான ஆல்பம் என்று முத்திரை குத்தியதால் இந்தப் பாட்டைக் கேட்காமலே போனவர்கள் ஏராளம். அந்த நஷ்டம் இந்த ஆல்பம் செய்த பெரிய கெடுதல். சிங்கிளாகவும் இது இருபத்தைந்தாம் இடத்தோடு நின்றுவிட்டது.

பணத் தகராறும் பின்னணியில் உண்டு. ஃபேன்டஸி ரெகார்ட்ஸ் கம்பெனியோடு அவர்கள் போட்டிருந்த ஒப்பந்தம் குழுவுக்குப் பாதகமானது. ஜான் எழுதிய பாட்டுகளின் உரிமை அவரிடம் இல்லை. அந்தக் கசப்பு பல வருஷம் நீதிமன்றத்தில் நடந்தது, அது தனியாக எழுத வேண்டிய விஷயம். ஆனால் இந்த ஆல்பத்தைக் கெடுத்தது கம்பெனி என்று மட்டும் சொல்ல மாட்டேன். அதே கம்பெனியில்தான் முந்தைய ஆறு ஆல்பமும் வந்தன.

'மார்டி க்ரா' விற்காமல் போகவில்லை. அமெரிக்காவில் பன்னிரண்டாம் இடம் வரை போய், நல்ல விற்பனைக்குக் கொடுக்கிற கோல்ட் அந்தஸ்தும் வாங்கியது. 1972 அக்டோபரில் குழு கலைந்ததாக அறிவித்தார்கள். 1990-இல் டாம் இறந்தார். தம்பியோடு இருந்த மனத்தாங்கல் தீரவே இல்லை. 1993-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விழாவில் குழுவைக் கௌரவித்தபோது, ஸ்டூவையும் டக்கையும் தன்னோடு வாசிக்க ஜான் விடவில்லை. வேறு ஆட்களை வைத்துப் பாடினார். அந்த இரண்டு பேர் விழா உடையில் கீழே நின்று, தாங்கள் வாசித்த பாட்டுகளை வேறு கைகள் வாசிப்பதைப் பார்த்தார்கள். ஜான் ஃபோகர்ட்டியின் குரலை நான் எவ்வளவு நேசித்தாலும் இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, வாங்கலாமா? க்ரீடன்ஸைப் புதிதாகக் கேட்க வருகிறவர்கள் தயவுசெய்து இதில் ஆரம்பிக்க வேண்டாம். 'க்ரீன் ரிவர்', 'காஸ்மோஸ் ஃபேக்டரி' இரண்டையும் முழுசாகக் கேளுங்கள், பிறகு இதற்கு வாருங்கள். இசைத்தட்டாகச் சேர்க்கிறவர்கள் மற்ற ஆறும் அலமாரியில் இருந்தால் மட்டும் இதற்குக் காசு போடலாம். போனில் கேட்கிறவர்களுக்கு 'லுக்கிங் ஃபார் எ ரீஸன்', 'ஸம்டே நெவர் கம்ஸ்', 'ஸ்வீட் ஹிட்ச்-ஹைக்கர்', டக்கின் 'நீட் சம்ஒன் டு ஹோல்ட்' நான்கும் போதும். பேஸ் வாசிக்கக் கற்றுக்கொள்கிறவர்கள் 'ஸெய்ல் அவே'யையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இதைக் கேட்டு முடித்த கையோடு ஜான் 1973-இல் தனியாகப் போட்ட 'த ப்ளூ ரிட்ஜ் ரேஞ்சர்ஸ்' ஆல்பத்தையும் கேட்டுப் பாருங்கள். பெயர் குழுவின் பெயர்போல் இருக்கும். உள்ளே டிரம்ஸ், பேஸ், கிடார், பின்குரல் எல்லாமே அவர் ஒருவர்தான். பாடுவது அருமை, கிடார் அருமை. டிரம்ஸ் ஒவ்வோர் அடியும் சரியான இடத்தில்தான் விழுகிறது, ஆனால் ஆடவைக்கவில்லை. பேஸ் கணக்காகப் போகிறது, யாருக்கும் பதில் சொல்லவில்லை. டக்கும் ஸ்டூவும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் அதன் பக்கத்தில் 'பார்ன் ஆன் த பேயூ'வை ஒருமுறை ஓடவிடட்டும்.